ஒரே தெரு, இரண்டு பிளாக்: யாங்கோன் டவுனில் தங்குமிடம் தேர்ந்த ஒரு நிகழ்வின் ஆய்வு

2019 ஜனவரி 2 முதல் 8 வரை, சென்னையிலிருந்து வந்த என் அத்தை குடும்பத்தார் ஐந்து பேர், பழைய ரங்கூனான மியன்மாவின் யாங்கோனில் ஆறு இரவுகள் தங்கினார்கள். அவர்களுக்கு அறை பார்த்துக் கொடுத்தவன் இந்த ஊரிலேயே வாழும் நான். முதல் இரண்டு இரவுகள் ஒரு விடுதியிலும் மீதி நான்கு இரவுகள் வேறொரு விடுதியிலும் கழிந்தன. இரண்டும் ஒரே தெருவில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நான்கு நிமிட நடையில் இருந்தவை. வாடகையும் ஏறக்குறைய ஒன்றே. முதல் விடுதியில் அத்தையைத் தவிர யாரும் சரியாகத் தூங்கவில்லை. இரண்டாவது விடுதியை விட்டுக் கிளம்பும்போது, இன்னும் இரண்டு நாள் இருந்திருக்கலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரே பேட்டைக்குள், ஒரே தெருவுக்குள் இவ்வளவு வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கடையில் கணக்கு எழுதுவது என் வேலையாதலால், எதையும் தேதியும் நேரமும் இட்டுக் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. அந்தக் குறிப்புகளே இதற்கு ஆதாரம்.

வந்தவர்களும் அவர்கள் கேட்டதும்

அத்தைக்கு அப்போது வயது 70. ரங்கூனில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா மொகல் தெருப் பக்கம் சிறிய பலசரக்குக் கடை வைத்திருந்தார். 1964 இல் கடைகள் அரசுடைமையாக்கப்பட்டபோது கடை கையைவிட்டுப் போயிற்று. அந்த ஆண்டே தாத்தாவும் பாட்டியும் 16 வயதுப் பெண்ணான அத்தையை அழைத்துக்கொண்டு சென்னைக்குக் கப்பல் ஏறினார்கள். மூத்தவரான என் அப்பா இங்கேயே தங்கிவிட்டார். அதன்பின் 54 ஆண்டுகள் அத்தை இந்த மண்ணை மிதிக்கவில்லை. அவருடன் மகன் (எனக்கு அத்தான்), மருமகள் (நான் அக்கா என்று அழைப்பவர்), 17 வயதுப் பேத்தி, 11 வயதுப் பேரன் ஆகியோர் வந்தார்கள்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு தொலைபேசியில் ஒவ்வொருவரிடமும் பேசினேன். “ஏரிக்கரை, தோட்டம் எல்லாம் எனக்கு வேண்டாம்ப்பா. விடிஞ்சு எழுந்தா ஜனம் கண்ணுல படணும்” என்றார் அத்தை. பேத்தி, இரவில் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடும் தெரு பக்கத்தில் இருக்க வேண்டும் என்றாள். அத்தான், வெளியே போனால் நடந்தே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும், பகலில் ஒரு மணி நேரம் கணினியில் அலுவலக வேலை பார்க்க அமைதியும் வேண்டும் என்றார். அக்கா மட்டும், “எங்க வேணா போடுங்க தம்பி, ராத்திரி தூக்கம் வந்தா போதும்” என்றார். பேரனுக்கு எதுவும் தோன்றவில்லை. எல்லோரையும் சேர்த்து ஒரே வரியாக, “கலகலப்பான இடத்தில் அறை” என்று என் நோட்டில் எழுதிக்கொண்டேன். முதல் பிழை அந்த வரிதான். நான்கு பேர் நான்கு வெவ்வேறு நேரங்களைக் கேட்டிருந்தார்கள். நான் அதை ஓர் இடத்தின் பெயராக மாற்றிக்கொண்டேன்.

என் வீட்டில் தங்க வைக்கவில்லையா என்று சென்னையில் சிலர் அத்தையைக் கேட்டிருக்கிறார்கள். இங்கே இரவு விருந்தாளியை வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற நடைமுறை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, நெடுங்காலமாக இருந்து வருகிறது. வெளிநாட்டார் என்றால், அவர்களைத் தங்க வைக்க உரிமம் பெற்ற விடுதியில்தான் தங்க வேண்டும். நெருங்கிய உறவினர் வீடு என்றாலும் பொது விதி இதுதான். ஆகவே விடுதியைத் தேர்வது எங்களுக்கு வசதி பற்றிய கேள்வி அல்ல, தவிர்க்க முடியாத கேள்வி.

எடுத்துப் பார்த்த பேட்டைகள்

வடக்கே இன்யா ஏரியைச் சுற்றிய விடுதிகளை முதலிலேயே விட்டுவிட்டேன். அமைதியும் மரநிழலும் உண்டு. ஆனால் வாசலில் இறங்கி நடந்தால் மதில்சுவர்தான் கூட வரும், ஒரு தேநீர் குடிக்கவும் வண்டி பிடிக்க வேண்டும். யாங்கோனில் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால் ஓசை குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. அதே காரணத்தால் எல்லோரும் காரிலும் பஸ்ஸிலும் போக, மாலை நான்கிலிருந்து ஏழு வரை பிரதான சாலைகள் நின்றுபோகும் என்பதை ஊர்க்காரர்கள் அறிவார்கள். ஏரிப்பக்கம் தங்கி டவுனுக்கு வந்துபோனால் நாளுக்கு இரண்டு மணி நேரம் டாக்சிக்குள் போகும்.

ஷ்வேடகோன் பகோடாவை ஒட்டிய பஹான் பகுதி அத்தைக்குப் பிடிக்கும் என்று கொஞ்சம் யோசித்தேன். விடியலில் பகோடாவுக்கு ஏறுவோர் கூட்டம் உண்டு, பூக்கடைகள் உண்டு. ஆனால் அத்தையின் நினைவில் உள்ள ரங்கூன் அங்கே இல்லை. சாஞ்சவுங், ஹ்லேடான் இரண்டும் இளைஞர்களின் பேட்டைகள். சாஞ்சவுங்கின் குறுந்தெருக்களில் இரவில் சாப்பாட்டுக் கடைகள் நெருக்கமாக இருக்கும். ஹ்லேடான் சந்திப்பு பல்கலைக்கழகத்தை ஒட்டியது என்பதால் மாணவர் நடமாட்டம் ஓயாது. நண்பர்கள் இருவர் வருவதாக இருந்தால் இன்றும் சாஞ்சவுங்கைத்தான் சொல்வேன். ஐந்து பேரில் நால்வருக்கு அது பயன்படாது.

மிஞ்சியது டவுன். இதன் அமைப்பைச் சொல்லாமல் மேலே போனால் பின்னால் வருவது விளங்காது. 1852 இல் ஆங்கிலேயர் ரங்கூனைக் கைப்பற்றியபின், மான்ட்கோமரி, ஃப்ரேசர் என்ற இருவர் வகுத்த திட்டப்படி, சூலே பகோடாவை நடுவில் வைத்துச் சதுரங்கக் கட்டம் போல் ஊர் கிழிக்கப்பட்டது. கிழக்கு மேற்காக அகன்ற சாலைகள். வடக்கு தெற்காக ஆற்றை நோக்கி இறங்கும் தெருக்கள், அவற்றில் பல ஏறத்தாழ 30 அடி அகலமே கொண்டு எண்ணால் அழைக்கப்படுபவை. நம் பெரியவர்கள் இன்னும் ஃப்ரேசர் தெரு என்பது இன்றைய அனோரதா சாலை. டல்ஹவுசி தெரு என்பது மகாபந்துலா சாலை. இந்த இரு சாலைகளும் ஒவ்வொரு குறுந்தெருவையும் மூன்றாக வெட்டுகின்றன. அனோரதாவுக்கு வடக்கே இருப்பது மேல் பிளாக், இரண்டுக்கும் நடுவே நடு பிளாக், மகாபந்துலாவுக்குத் தெற்கே கீழ் பிளாக். டவுனில் யாரும் தெரு எண்ணை மட்டும் சொல்லி விலாசம் சொல்வதில்லை. எந்த பிளாக் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். வெளியூர்க்காரர் அறை தேடும்போது விடுதி விளம்பரங்களில் தெரு எண் இருக்கும், பிளாக் பெரும்பாலும் இருக்காது.

மொகல் தெரு இன்று ஷ்வே பொந்தா தெரு. நகைக்கடைகளும் கல் வியாபாரமும் நிறைந்த தெரு. டாக்சிக்காரரிடம் பழைய பெயரின் பர்மிய வடிவமான மகோ லான் என்றால் இப்போதும் புரிந்துகொள்வார். செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தது அந்தத் தெருவில்தான். கிட்டங்கி என்பது கடையும் தங்குமிடமும் ஒன்றான ஏற்பாடு. சாய்மேசையும் இரும்புப் பெட்டியுமாகப் பல கடைகளின் லேவாதேவி ஒரே கூடத்தில் நடக்கும், பெட்டியடிப் பையன்கள் அங்கேயே உண்டு அங்கேயே படுப்பார்கள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்; அவர்களில் பலரின் வாழ்க்கை இந்தச் சில தெருக்களைச் சுற்றியே ஓடியது. அனோரதா சாலையில் 1871 இல் தமிழர் எழுப்பிய காளியம்மன் கோயில், கொஞ்சம் நடந்தால் சூலியா எனப்படும் தமிழ் முஸ்லிம்களின் பள்ளிவாசல், 26 ஆம் தெருவில் யூதர் தொழுகைக்கூடம், அதையும் தாண்டினால் சீனர் தெருக்கள் என, கால் மணி நேர நடைக்குள் இத்தனையும் அடங்கும் வேறொரு பேட்டையை நான் பார்த்ததில்லை. அத்தைக்கு வேறு இடம் பார்ப்பது நியாயமில்லை என்று முடிவு செய்தேன். அந்த முடிவு சரிதான். பேட்டையைத் தேர்ந்ததில் தவறில்லை.

ஷ்வே பொந்தா தெருவுக்கும் சூலே சாலைக்கும் இடையே, எண்ணிட்ட ஒரு குறுந்தெருவின் நடு பிளாக்கில், மூன்றாம் மாடியில் மூன்று அறைகளை இணையத்தில் பதிவு செய்தேன். காளியம்மன் கோயிலுக்கு ஐந்து நிமிடம். படங்களில் எல்லா அறைகளிலும் ஜன்னல் இருந்தது. ஜனவரி இங்கே வறண்ட குளிர் பருவம், சுற்றுலாவுக்கு உச்சம். அறை கிடைத்ததே பெரிது என்று மூன்று இரவுக்கு முன்பணமும் கட்டினேன். அதே ஊரில் இருந்துகொண்டு, அந்தத் தெருவில் ஓர் இரவு நேரம் போய் நிற்கவில்லை. ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு எந்தத் தெருவும் நல்ல தெருதான்.

நடு பிளாக்கில் இரண்டு இரவுகள்

முதல் இரவு கழிந்த காலையில் அக்காவின் கண் சிவந்திருந்தது. பிள்ளைகளுக்குக் கொடுத்த அறையில் ஜன்னலே இல்லை. சுவரில் இருந்த கண்ணாடிக் கதவு, பக்கத்து நடைக்குத்தான் திறந்தது. முன்மேசையில் கேட்டதற்கு, அந்த விலைக்கு அந்த வகை அறைதான், படம் மாதிரிக்குப் போட்டது என்றார்கள். தெருவைப் பார்த்த மற்ற இரண்டு அறைகளில் ஓசை. எவ்வளவு ஓசை என்று நேரில் அறிய, இரண்டாம் இரவு அடையாள அட்டையைக் காட்டி அதே மாடியில் தெருப்பக்கம் ஓர் அறை எடுத்து நானும் படுத்தேன். அன்றிரவுக் குறிப்பை விடாமல் தருகிறேன்.

இரவு 8.30: தெருவின் இரு ஓரமும் தாழ்ந்த ஸ்டூல்கள் நிறைந்திருந்தன, நூடுல்ஸ் கடைத் தட்டுகளின் ஓசை, பேச்சு, சிரிப்பு. கேட்க நன்றாகவே இருந்தது. 10.15: கடைகள் கட்டத் தொடங்கின, இரும்பு ஷட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. 10.50: மனித ஓசை ஏறக்குறைய நின்றது. அதுவரை அடியில் கிடந்த இன்னொரு ஓசை அப்போதுதான் மேலே வந்தது. தெருமுனையில் மூங்கில் பந்தல் போட்டுப் பட்டானம் ஓதிக்கொண்டிருந்தார்கள். குளிர் பருவத்தில் வார்டு மக்கள் பணம் சேர்த்து, பிக்குகளை வரவழைத்து, இரவு பகல் இடைவிடாமல் நாள்கணக்கில் ஒலிபெருக்கியில் ஓதச் செய்யும் வழிபாடு இது. இங்கே வாழும் எங்களுக்குப் பழகிப்போன ஒலி. அதை யாரும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஒலிபெருக்கிகளில் ஒன்று எங்கள் மாடிக்கு நேர் எதிர்க்கம்பத்தில் கட்டப்பட்டிருந்தது. 1.20: லாரி ஒன்று வந்து பின்வாங்கி நின்றது, வெங்காய மூட்டைகள் இறங்கின. தெயின்ஜீ சந்தைக்குப் போகும் சரக்கில் ஒரு பங்கு இந்தத் தெருக்களில்தான் இறங்கிக் கைவண்டியில் ஏறுகிறது. 3.50: கைவண்டிகள், சிமெண்டுப் பலகைகள் உடைந்த நடைபாதையில் இரும்புச் சக்கரம் ஏறி இறங்கும் ஓசை. 5.20: பள்ளிவாசல் பாங்கு. 5.40: காகங்கள்; டவுன் காகங்களின் எண்ணிக்கையை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தரைக்கு நான் எழுந்து நடைக்கு வந்தபோது அத்தை ஏற்கெனவே குளித்து, கண்டாங்கிச் சேலையில், தெருப்பக்க ஜன்னலைத் திறந்துவைத்து நின்றிருந்தார். கீழே தேநீர்க் கடைப் பையன் ஸ்டூல்களைப் பரப்பிக்கொண்டிருந்தான். “இந்தச் சத்தம்தான்ப்பா. அம்பத்தி நாலு வருஷமா எனக்கு இதுதான் கேக்காம இருந்தது” என்றார். அவருக்குப் பின்னால் அறைக்குள் அக்கா தலையணையைக் காதோடு அழுத்திப் படுத்திருந்தார். இந்த இரண்டு பேரையும் ஒரே ஜன்னலில் பார்த்தபோதுதான் என் நோட்டில் எழுதிய வரியின் குறை எனக்கு முழுமையாகத் தெரிந்தது.

தெருவை நீளவாக்கில் நடந்து பார்த்தது

அன்று, ஜனவரி 4, விடியற்காலையில் அதே தெருவை மேல் பிளாக்கிலிருந்து ஆற்றுப்பக்கம் வரை நடந்தேன். செய்திருக்க வேண்டியதை இரண்டு நாள் தாமதமாகச் செய்தேன் என்றே சொல்ல வேண்டும்.

மேல் பிளாக், போஜோ சாலையில் உள்ள ஸ்காட் மார்க்கெட்டின் சுற்றுவட்டம். பகலில் நெரிசல், இரவில் வெறிச்சோடிக் கிடக்கும். நடு பிளாக்கைப் பற்றி மேலே சொன்னேன்: சந்தைச் சரக்கு, இரவுச் சாப்பாடு, வழிபாடு மூன்றும் ஒரே 30 அடி அகலத்துக்குள். மகாபந்துலா சாலையைக் கடந்து கீழ் பிளாக்குக்குள் இறங்கியதும் ஊரே மாறியது போலிருந்தது. அச்சகங்கள், பெயர்ப்பலகை எழுதும் கடைகள், கப்பல் சரக்கு ஏஜெண்டு அலுவலகங்கள். மாலை ஐந்தரைக்கு எல்லாம் அடைத்துவிடுவார்கள். மேலே குடித்தனங்கள். முனையில் ஒரே ஒரு தேநீர்க் கடை, அது விடிகாலை ஐந்துக்குத் திறந்து இரவு ஒன்பதுக்கு மூடுவது. அங்கே உட்கார்ந்து மொகிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸும், பாலும் இனிப்பும் தூக்கலாக ஒரு தேநீரும் சாப்பிட்டபடி கடைக்காரரிடம் விசாரித்தேன். இரவில் லாரி வருமா என்று கேட்டேன். வராது, அவையெல்லாம் மகாபந்துலாவுக்கு அந்தப் பக்கத்தோடு சரி என்றார். பட்டானப் பந்தல் இந்த பிளாக்கில் எப்போது என்று கேட்டேன்; போன மாதமே முடிந்துவிட்டது என்றார். அந்தக் கடைக்கு எதிரிலேயே சிறிய விடுதி ஒன்று இருந்தது. லிஃப்ட் உண்டு. அறைகளைத் திறந்து காட்டச் சொன்னேன். தெருப்பக்கம் இரண்டாம் மாடியில் ஓர் அறை, பின்பக்கம் நான்காம் மாடியில் இரண்டு அறைகள். பின்பக்க ஜன்னல்கள் இரண்டு கட்டட வரிசைகளுக்கு நடுவே உள்ள பின்பக்கக் குறுகிய சந்துக்குத் திறந்தன. காட்சி ஒன்றுமில்லை, ஆனால் ஓசையும் இல்லை, காற்று வந்தது.

அத்தைக்குத் தெருப்பக்க அறை, பேத்தி பாட்டியுடன். அத்தானும் அக்காவும் பின்பக்கம் ஒரு அறையில். பேரனுக்கு அவர்களுக்கு அடுத்த அறை, இரண்டாம் நாளிலிருந்து அவனும் பாட்டி அறைக்கே போய்விட்டான், அந்த அறையில் அத்தான் கணினி வைத்து வேலை பார்த்தார். முதல் விடுதி மூன்றாம் இரவுக்கான முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்தது. பதிவு விதியில் அப்படி எழுதியிருந்தது. நான் படிக்காமல் விட்டது என் குற்றம், ஜன்னல் உள்ள படத்தைப் போட்டு ஜன்னல் இல்லாத அறையைத் தந்தது அவர்கள் குற்றம் என்றே இன்றும் கருதுகிறேன். அந்தப் பணம் போனது போனதுதான்.

ஜனவரி 4 மியன்மாவின் விடுதலை நாள். பெட்டிகளை இழுத்துக்கொண்டு நாங்கள் கீழ் பிளாக்குக்குள் நுழைந்தபோது தெருவின் இரு முனையிலும் கயிறு கட்டி வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். அந்நாளில் வார்டுதோறும் தெருவிலேயே விளையாட்டுப் போட்டிகள் நடக்கும்: சாக்கு ஓட்டம், கரண்டியில் எலுமிச்சம்பழம் ஏந்தி ஓடுதல், கண்ணைக் கட்டிக்கொண்டு தொங்கும் பானையை அடித்தல். அத்தை பெட்டியின் மீதே உட்கார்ந்து, “இது நம்ம உறியடி இல்லையா!” என்று பேரனைக் கூட்டத்துக்குள் தள்ளினார். பர்மியம் ஒரு சொல்லும் தெரியாத அந்தப் பையனுக்குக் கண்ணைக் கட்டிவிட்டு, தெருப் பிள்ளைகள் கத்திக் கத்தி வழிகாட்டினார்கள். மூன்றாவது அடியில் பானை உடைந்தது. பரிசாக ஒரு டஜன் நோட்டுப் புத்தகம். ஐந்து மணிக்குக் கயிறு அவிழ்ந்தது, ஏழு மணிக்குத் தெரு ஓய்ந்தது. அன்றிரவு அக்கா எட்டு மணி நேரம் தூங்கினார்.

எதிலிருந்து எது எவ்வளவு தூரம்

பின்பக்க அமைதிக்குக் கொடுத்த விலை என்னவென்று பார்க்க, அடுத்த நாட்களில் நடை நேரங்களைக் குறித்தேன். அத்தையின் நடை வேகத்தில், காளியம்மன் கோயிலுக்கு 9 நிமிடம், முன்பு 5. சூலே பகோடாவுக்கு 6. நகர மண்டபத்தை ஒட்டிய மகாபந்துலா பூங்காவுக்கு 8. மாலையில் குடும்பம் குடும்பமாகப் புல்வெளியில் உட்காரும் அந்த இடத்தில்தான் பேரன் பெரும்பாலும் இருந்தான். ஸ்காட் மார்க்கெட்டுக்கு 13. பேத்தி கேட்ட 19 ஆம் தெருவுக்கு 16.

கலகலப்புக்காக அறை தேடுவோர் அந்த 19 ஆம் தெருவிலேயே அறை கேட்பதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். மகாபந்துலாவுக்கும் அனோரதாவுக்கும் நடுவே, இருபக்கமும் மேசை போட்டு, மீனும் காளானும் வெண்டைக்காயும் குச்சியில் கோத்துக் கரியில் சுட்டுத் தரும் தெரு அது. சனிக்கிழமை இரவு ஏழிலிருந்து பத்து வரை அதன் நடுவே உட்கார்ந்திருப்பது யாங்கோனின் நல்ல அனுபவங்களுள் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பத்து மணிக்குப் பிறகும் அந்தக் கரிப்புகையும் கிட்டார் பாட்டும் உங்கள் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தால் அது அனுபவமாக இராது. ஜனவரி 5 அன்று அங்கே சாப்பிட்டுவிட்டு, மகாபந்துலா சாலை வழியே எல்லோரும் நடந்தே திரும்பினோம். கடைகள் பாதி திறந்திருந்தன, வெளிச்சம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பதினாறு நிமிடமே அன்றிரவின் மிகச் சிறந்த பகுதி என்று பேத்தி பின்னர் எழுதியிருந்தாள். இரவில் நடந்து திரும்பக்கூடிய தூரமும், அந்த வழி நெடுக வெளிச்சமும் இருந்தால், கலகலப்புக்கு உள்ளே படுக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் தூரமானால் டாக்சி. டாக்சி வந்துவிட்டால் இளையவர்கள் இரவில் வெளியே போவதே குறைந்துவிடும்.

நாளும் கிழமையும் ஒரு கணக்கு. ஸ்காட் மார்க்கெட் 1926 இல் கட்டப்பட்டது, விடுதலைக்குப் பின் விடுதலைத் தலைவர் போஜோ ஆங் சான் பெயர் பெற்றது. திங்கட்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் மூடியிருக்கும். எங்கள் ஆறு நாளில் குறைந்தது 4 ஆம் தேதியும் 7 ஆம் தேதியும் மூடல். அந்த மார்க்கெட்டை நம்பி மேல் பிளாக்கில் அறை எடுத்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு நாளாவது அடைத்த கதவைப் பார்த்திருப்போம்.

ஒரு தெருவின் கலகலப்பு ஓர் ஆணையில் இடம் மாறிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். 2016 இறுதியில் நகர நிர்வாகம் டவுனின் பெரிய சாலைகளிலிருந்த நடைபாதைக் கடைக்காரர்களை ஆற்றங்கரையை ஒட்டிய ஸ்ட்ராண்ட் சாலையில் அமைத்த இரவுச் சந்தைக்கு மாற்றியது. அனோரதா சாலையின் மாலைக் கூட்டம் அதோடு மெலிந்தது. வியாபாரம் போதாதவர்கள் சிலர் குறுந்தெருக்களுக்குள் வந்து கடை விரித்தார்கள். நடு பிளாக்கில் நான் கண்ட நெரிசலில் ஒரு பகுதி அப்படி வந்ததுதான். அதற்கு முன் எழுதப்பட்ட பயணக் குறிப்பை வைத்து அறை எடுத்தவர் இல்லாத கூட்டத்தை எதிர்பார்த்து வந்து, இருக்கும் கூட்டத்தின் மேல் படுத்திருப்பார்.

விடுதியில் கேட்க வேண்டியவை

இந்த நிகழ்வுக்குப் பிறகு உறவினர்களுக்காகவும் நண்பர்களுக்காகவும் அறை பார்க்கும்போது நான் முதலில் கேட்பது பேட்டையைப் பற்றியல்ல. வருபவர்களில் யார் எத்தனை மணிக்கு எழுவார், யார் எத்தனை மணிக்குப் படுப்பார் என்பதுதான். அதைக் கொண்டு ஒரே விடுதியில் அறைகளைப் பிரிக்கலாம்; எல்லோருக்கும் ஒரே பக்கம் அறை வாங்குவது வசதியாகத் தோன்றும், ஆனால் அதுவே முதல் விடுதியில் எங்களைக் கெடுத்தது. பிறகு விடுதியைத் தொலைபேசியில் அழைத்து, எந்த பிளாக், அறை தெருப்பக்கமா பின்பக்கமா, ஜன்னல் வெளியே திறக்குமா நடைக்குத் திறக்குமா, லிஃப்ட் இரவிலும் ஓடுமா, அந்த வாரம் தெருவில் பந்தல் உண்டா என்று கேட்கிறேன். கடைசிக் கேள்விக்கு விடுதிக்காரர் தயங்கினால் எதிர்த் தேநீர்க் கடைக்காரரைக் கேட்கலாம். அவருக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. ஊரில் ஆள் இல்லாதவர்கள் முதல் ஓர் இரவுக்கு மட்டும் பணம் கட்டிவிட்டு, மறுநாள் விடியலில் தெருவை நீளவாக்கில் ஒருமுறை நடந்து பார்த்து மீதியை முடிவு செய்யலாம். மூன்று இரவுக்கு முன்பணம் கட்டியதை நான் மறுபடி செய்யவில்லை.

மாடிக் கணக்கும் முக்கியம். டவுனில் பழைய கட்டடங்கள் பலவற்றுக்கு லிஃப்ட் கிடையாது, படிகள் செங்குத்து. லிஃப்ட் இருந்தாலும், அத்தையைப் போல் தெருவோடு உறவு வேண்டுபவர் இரண்டாம் மாடிக்கு மேல் போகக் கூடாது. கீழ் பிளாக்கில் எதிர்வீட்டு மாடிகளிலிருந்து தெருவரை நீளக் கயிறுகள் தொங்கும். நுனியில் ஒரு கவ்வி, சில வீடுகளில் மேலே ஒரு மணி. பேப்பர்காரர் வந்து கவ்வியில் செய்தித்தாளைச் செருகிக் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், வீட்டுக்காரர் கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொள்வார். அத்தையின் ஜன்னலுக்கு நேரே அப்படி ஒரு நீலக் கயிறு. எதிர்வீட்டுப் பாட்டி காலை ஆறேகாலுக்கு அதில் ஒரு பை கட்டி இறக்குவார்; தேநீர்க் கடைப் பையன் அதில் பே ப்யோ என்ற வேகவைத்த பட்டாணியும் ரொட்டியும் வைத்து அனுப்புவான். மூன்றாம் நாள் அந்தப் பாட்டி அத்தையைப் பார்த்துத் தலையசைத்தார். நான்காம் நாள் இருவரும் தெருவுக்கு மேலே பர்மியத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தைக்கு மறந்துபோனதாகச் சொன்ன மொழி அது. நான்காம் மாடியிலிருந்தோ ஏரிக்கரையிலிருந்தோ இது நடந்திருக்காது.

இன்றைய நிலை

மேலே உள்ள நேரக் குறிப்புகள் 2019 க்கு உரியவை. 2021 பிப்ரவரியில் ஆட்சி மாறிய சில நாட்களிலேயே, இரவு 8 முதல் அதிகாலை 4 வரை ஊரடங்கு வந்தது. பின்னர் அது படிப்படியாகத் தளர்ந்தாலும், தெருவின் இரவு முன்போல் நீளவில்லை. மின்சாரம் முறைவைத்து வருகிறது. கட்டடத்துக்கு ஒன்றாக நடைபாதையில் ஜெனரேட்டர்கள் நிற்கின்றன. அமைதியான கீழ் பிளாக்கிலும், ஜன்னலுக்குக் கீழே அது நின்றால் அந்த அறை நடு பிளாக் அறைக்குச் சமம்தான். ஆகவே இப்போது என் கேள்விகளில் முதலாவது, உங்கள் ஜெனரேட்டர் எந்தப் பக்கம், எத்தனை மணி வரை ஓடும், லிஃப்ட் அதில் ஓடுமா என்பதாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வர நினைப்பவர்கள் அதற்கும் முன்னால் தங்கள் நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டே என்னிடம் பேசும்படி சொல்கிறேன்.

அத்தை இன்னும் மாதம் ஒருமுறை பேசுவார். கீழ் பிளாக் தேநீர்க் கடை இருக்கிறதா என்று கேட்காமல் வைக்க மாட்டார். அண்மையில் ஒரு விடியலில் போய்ப் பார்த்துவந்து சொன்னேன்: கடை இருக்கிறது, விடுதியும் இருக்கிறது, நீலக் கயிறும் தொங்குகிறது, ஆனால் ஐந்துக்குப் பதில் ஆறரைக்குத்தான் ஸ்டூல் போடுகிறார்கள். “அப்போ அடுத்த தடவை ஆறரைக்கு இறங்கினா போதும்” என்றார்.